வீட்டுப் பூசணமும் இளைப்பு நோயும்

(திருவெறும்பூரில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் களப்பணிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்கள் பலர் கேட்டதால் இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தணிக்கை என்று பேசுவோம். இன்றைக்கு உடம்பைப் பற்றிப் பேசப் போகிறோம். ஆனால் ஆரம்பம் ஒரு கடன் தவணையில்தான்.

நம் உறுப்பினர் ஒருவர். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையோரம் ஓர் ஊர். பெயர் சொல்ல மாட்டோம். அவரிடம் கேட்டு, அவர் "சொல்லுங்க, இன்னொருத்திக்கு உதவட்டும்" என்று சொன்ன பிறகுதான் இங்கே பேசுகிறோம். குழுவில் கடன் வாங்கி சிப்பிக் காளான் வளர்ப்பு ஆரம்பித்தார். வீட்டுக்குப் பின்னால் கீற்றுக் குடில் போட்டார். வைக்கோல் சொந்த வயலில் கிடைத்தது. திருவெறும்பூர் கடைத்தெருவிலும் பெல் குடியிருப்பிலும் பாக்கெட் போட்டு விற்றார். முதல் ஏழெட்டு மாதம் தவணை ஒரு நாள் தப்பவில்லை. மற்ற ஊர்க் குழுக்களை அழைத்துப் போய் அவர் குடிலைக் காட்டினோம். நம் செய்தி மடலில்கூட அவரைப் பற்றி எழுதினோம்.

அதற்குப் பிறகு இருமல் வந்தது. ராத்திரியில் மூச்சு இறுகியது. உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் நிழல் தெரிகிறது, காசநோயாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டும் இருமல் நிற்கவில்லை. குடில் பாதி காலி. தவணை நான்கு மாதம் நின்றது.

குழுவில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். "பணத்தை வேற எதுலயோ போட்டுட்டு இருமுற மாதிரி நடிக்குறா" என்று ஒருத்தர் சொன்னார். "டி.பி.காரி பக்கத்துல எப்படி உக்காருறது" என்று இன்னொருத்தர் பாயைத் தள்ளிப் போட்டார். நாங்கள் என்ன செய்தோம்? நாங்களும் வீட்டுக்குப் போய், "அக்கா, மற்றவங்க சேமிப்பும் இதுல இருக்குல்ல" என்று தவணையைத்தான் கேட்டோம். அது எங்கள் மனதில் இன்னும் உறுத்துகிறது.

கடைசியில் திருச்சியில் நெஞ்சக மருத்துவர் ஒருவரிடம் காட்டினார். அவர் முதலில் கேட்ட கேள்வி, "என்ன வேலை செய்றீங்கம்மா?" இரண்டாவது கேள்வி, "சின்ன வயசுல வீசிங் இருந்ததா?" இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதை யாரிடமும் சொன்னதில்லை. புகுந்த வீட்டில் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். ரத்தப் பரிசோதனையில் விஷயம் வெளியே வந்தது. காசநோய் இல்லை. பூசணத்தால் வந்த ஒவ்வாமை. நம் வீட்டுச் சுவரிலும் பழைய வைக்கோலிலும் பூக்கிறதே, அதே பூசணம்தான்.

பூசணம் என்றால் என்ன?

ஊறுகாயில் வெள்ளையாகப் படர்வது, ஈர ரொட்டியில் பச்சையாகப் பூப்பது, ஐப்பசி மழையில் ஓதம் ஏறிய சுவரில் கறுப்பாகப் புள்ளி வைப்பது, எல்லாமே பூஞ்சைதான். நாம் பூசணம் என்கிறோம். காளானும் இந்தக் குடும்பம்தான். இவற்றுக்குப் பூ இல்லை, விதை இல்லை. தூளைவிட மெல்லிய வித்துகளைக் காற்றில் விட்டுத்தான் பரவுகின்றன.

அந்த வித்து எவ்வளவு சின்னது தெரியுமா? ஆஸ்பர்ஜில்லஸ் என்று ஒரு பூஞ்சை. அதன் வித்து ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 2 அல்லது 3 பங்குதான் இருக்கும். நம் தலைமுடியின் பருமனில் இருபதில் ஒன்றுகூடக் கிடையாது. மகரந்தத் தூள் பெரிதாக இருப்பதால் பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். இந்த வித்து அப்படி இல்லை. மூக்கைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, நுரையீரலின் கடைசிக் குழாய் வரை போகும். நாம் எல்லோரும் தினமும் இதைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. மூச்சுக் குழாயில் உள்ள சளியும் மெல்லிய ரோமங்களும் அதை வெளியே தள்ளிவிடும். தப்பி உள்ளே போனதை உடம்பின் காவல் அணுக்கள் விழுங்கிவிடும்.

அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் இளைப்பு வருகிறது?

காவல்காரனின் தவறு

நம் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் என்று உண்டு. ஒவ்வொரு எதிரிக்கும் ஒவ்வொரு வகை. அதில் ஒன்றுக்கு ஐ.ஜி.இ. என்று பெயர். இதைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானிய விஞ்ஞானிகள் 1966-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் இதைக் கண்டார்கள். அதே சமயத்தில் ஸ்வீடன் நாட்டிலும் தனியாகக் கண்டுபிடித்தார்கள். குடற்புழு போன்றவற்றை விரட்டுவதற்காக உடம்பு வைத்திருக்கும் ஆயுதம் இது என்கிறார்கள்.

ஒவ்வாமை உடம்பில் என்ன ஆகிறது என்றால், தீங்கு செய்யாத பூசண வித்தைப் பார்த்து உடம்பு எதிரி என்று தப்பாக முடிவு கட்டிவிடுகிறது. ஊர்க் காவல்காரன் வெளியூரிலிருந்து வந்த வளையல்காரரைத் திருடன் என்று நினைத்த கதைதான். முதல் தடவை நமக்கு ஒன்றும் தெரியாது. உடம்பு அந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அதற்கென்று ஐ.ஜி.இ. தயார் செய்யும். அது மூச்சுக் குழாய் ஓரத்தில் உள்ள சில அணுக்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். வாசலில் மணி கட்டி வைத்த மாதிரி.

அடுத்த தடவை அதே வித்து உள்ளே வந்தால் எல்லா மணியும் ஒன்றாக அடிக்கும். அந்த அணுக்கள் வெடித்து ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டும். சில நிமிடங்களில் மூச்சுக் குழாய்த் தசை இறுகும், உள் தோல் வீங்கும், சளி ஊறும். ஊதுகுழல் ஓட்டை அடைத்துக்கொண்டால் வருகிற சத்தம்தான் வீசிங்.

இத்தோடு முடிவதில்லை. நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும். மணிச் சத்தம் கேட்டு வேறு அணுக்கள் கூட்டமாக வந்து சேர்ந்து மறுபடி வீக்கம் உண்டாக்கும். பகலில் வைக்கோல் உதறியவருக்கு ராத்திரி பத்து மணிக்கு இளைப்பு வருவது இதனால்தான். அவர் "ராத்திரி பனி ஒத்துக்கலை" என்று நினைப்பார். காலையில் செய்த வேலையை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தூசியும் பூனை முடியும்கூட ஒவ்வாமை தரும். பூசணம் அவற்றைவிட ஏன் மோசம்? இரண்டு காரணம் சொல்கிறார்கள். ஒன்று, பூசணத்திடம் மற்றப் பொருள்களைக் கரைத்துத் தின்கிற சாறு உண்டு. வைக்கோலை மக்க வைக்கிறதே, அந்த வேலைதான். அதே சாறு மூச்சுக் குழாயின் உள் தோலையும் அரித்து ஒவ்வாமைக்குக் கதவு திறந்துவிடுகிறது. இரண்டு, பூசணத்துக்கு உயிர் உண்டு. தூசி உள்ளே போனால் தூசியாகத்தான் கிடக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் வித்து நம் உடம்புச் சூட்டிலேயே முளைக்கும். ஆஸ்துமா உள்ளவரின் கெட்டிச் சளியில் அது குடியிருந்துகொண்டால், வெளியே தூசி இல்லாத நாளிலும் உள்ளே மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

இந்த நிலைமைக்கு டாக்டர்கள் ஏ.பி.பி.ஏ. என்று சுருக்கமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 1952-ல் இங்கிலாந்தில் முதன்முதலாக எழுதினார்கள். பெரியவர்களில் ஆஸ்துமா உள்ள 100 பேரில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கலாம் என்பது உலக அளவிலான கணக்கு. உலகம் முழுவதும் 2019-ல் ஆஸ்துமா உள்ளவர்கள் 26 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஓர் ஆண்டில் இறந்தவர்கள் நாலரை லட்சம் பேர்.

நம் உறுப்பினருக்கு வந்தது இந்த ஏ.பி.பி.ஏ.தான். இருமும்போது பழுப்பு நிறத்தில் கெட்டியாகச் சளிக் கட்டி வந்திருக்கிறது. அதை அவர் யாரிடமும் காட்டவில்லை. கவனிக்காமல் விட்டால் மூச்சுக் குழாய் தளர்ந்து விரிந்து நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

எக்ஸ்ரேயில் இது காசநோய் மாதிரியே தெரியும். சண்டிகரில் உள்ள அரசு முதுநிலை மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இந்த நோயைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறது. அங்கே வந்த ஏ.பி.பி.ஏ. நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அதற்கு முன்பே காசநோய் மாத்திரை சாப்பிட்டவர்கள் என்று 2000-களில் எழுதினார்கள். ஆகவே நம் உறுப்பினருக்கு நடந்தது அவருக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். இதைக் கேட்டுவிட்டு யாரும் காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. காசநோய் உண்மையான நோய், பாதியில் நிறுத்தினால் ஆபத்து. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "என் சளியைப் பரிசோதனை பண்ணீங்களா டாக்டர்?" அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

நம் ஊரில் பூசணம் எங்கே இருக்கிறது?

திருவெறும்பூர் ஒரு பக்கம் தொழிற்சாலை, மறு பக்கம் வயல். காவிரி, உய்யக்கொண்டான், கட்டளை மேட்டு வாய்க்கால் என்று தண்ணீரும் ஈரமும் உள்ள பூமி. நெல்லுக்கு நல்லது எதுவோ அது பூசணத்துக்கும் நல்லது.

முதலில் வயல். அறுவடை இயந்திரம் ஓடும்போது எழும்புகிற தூசியில் மண் மட்டும் இல்லை. காய்ந்த தாளிலும் கதிரிலும் இருந்த பூசண வித்துகளும் இருக்கின்றன. நெற்கதிரில் மஞ்சளும் கரும்பச்சையுமாக உருண்டை கட்டுகிறதே, நெற்பழ நோய், அதை "லட்சுமி வந்துட்டா, இந்த வருஷம் நல்ல விளைச்சல்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த உருண்டையைத் தொட்டால் கையில் ஒட்டுகிற பொடி முழுக்க வித்துதான்.

அடுத்து வைக்கோல். மழையில் நனைந்த குறுவை வைக்கோலைக் காயாமல் கட்டுக் கட்டினால் உள்ளே சூடு ஏறும். கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூடு ஆஸ்பர்ஜில்லஸுக்கு ரொம்பப் பிடிக்கும். 50 டிகிரியிலும் வளரும் பூஞ்சை அது. பிறகு மாட்டுக்குப் போட அந்தக் கட்டை உதறும்போது புகை மாதிரி கிளம்புகிறதே, அதில் கோடிக் கணக்கில் வித்து. எருக்குழியும் குப்பை மேடும் இப்படித்தான். குப்பை கிளறி உரம் தயாரிக்கிற சகோதரிகளும் கவனிக்க வேண்டும்.

இது புது விஷயம் இல்லை. தானியம் புடைப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் மூச்சுத் தொல்லை வருவதை 1700-லேயே இத்தாலி நாட்டு டாக்டர் ரமாசினி புத்தகத்தில் எழுதியிருக்கிறார். 1932-ல் இங்கிலாந்தில் கேம்பல் என்ற டாக்டர், பூசணம் பிடித்த வைக்கோலைக் கையாண்ட விவசாயிகளுக்கு வந்த நோயை விவரித்தார். இது ஆஸ்துமாவிலிருந்து வேறுபட்டது. வேலை முடிந்து சில மணி நேரத்தில் காய்ச்சல், குளிர், உடம்பு வலி, மூச்சு முட்டல் வரும், வீசிங் பெரும்பாலும் இருக்காது. ஆஸ்துமா இல்லாதவருக்கும் வரும். "வைக்கோல் வேலை செஞ்ச அன்னிக்கெல்லாம் ராத்திரி காய்ச்சல்" என்று யாராவது சொன்னால் மலேரியா, டைபாய்டு என்று மட்டும் தேடாதீர்கள். டாக்டரிடம் வேலையைச் சொல்லுங்கள்.

மூன்றாவது வீடு. மழையில் ஒழுகும் கூரை, ஓதம் ஏறும் மண் சுவர், காற்றே வராத அறையில் கொடி கட்டிக் காயப்போட்ட துணி, தரையோடு அடுக்கிய நெல் மூட்டை, பழைய இலவம்பஞ்சுத் தலையணை. 1977 நவம்பரிலும் 2005-லும் திருச்சியில் வெள்ளம் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கறுப்புப் பூத்து நின்றது. வெள்ளம் வந்தால் அரிசி, பாய் கொடுக்க நாமெல்லாம் ஓடுகிறோம். அந்த ஈரச் சுவருக்குப் பக்கத்தில் குழந்தை படுத்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

நான்காவது, நாங்கள் சொல்லிக் கொடுத்த தொழில். காளான் குடில். சிப்பிக் காளானின் ஓரம் விரிந்து தட்டையாகி, மெலிந்து, சுருள ஆரம்பிக்கும்போது அடிப்பக்கத்திலிருந்து வித்து கொட்டும். பையின் மேல் வெள்ளை மாவு மாதிரி படிந்திருக்குமே, அது மாவு இல்லை. 1959-லேயே அமெரிக்காவில் காளான் பண்ணைத் தொழிலாளர்களுக்கு வரும் நுரையீரல் நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள். இது போக வைக்கோல் நறுக்கும்போது வரும் பூசணம் தனி.

எங்கள் காளான் பயிற்சியில் விதை எங்கே வாங்குவது, வைக்கோலை எப்படி வேகவைப்பது, பாக்கெட் என்ன விலை என்று இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தோம். "உங்களுக்கு மூச்சுத் தொல்லை உண்டா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. அது எங்கள் தவறு. அதை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ளத்தான் இந்தப் பேச்சு.

நீங்கள் கேட்ட கேள்விகள்

கூட்டத்தில் பலர் எழுந்து கேட்டீர்கள். முக்கியமானவற்றை இங்கே தருகிறோம்.

*கொரோனா சமயத்தில் வந்த கருப்புப் பூஞ்சையா இது?*

இல்லை. 2021-ல் வந்த கருப்புப் பூஞ்சை வேறு வகை. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் அது உடம்பைத் தின்று பரவிய தொற்று. இங்கே நாம் பேசுவது ஒவ்வாமை. அதில் எதிர்ப்பு சக்தி தப்பான இடத்தில் அளவுக்கு மேல் வேலை செய்கிறது.

*இது ஒட்டுமா? பக்கத்தில் உட்காரலாமா?*

ஒட்டாது. ஒரு தட்டில் சாப்பிடலாம், ஒரு பாயில் படுக்கலாம்.

*அப்படின்னா காளான் சாப்பிடக் கூடாதா?*

சமைத்த காளானைச் சாப்பிடுவதற்கும் வித்தைச் சுவாசிப்பதற்கும் சம்பந்தம் இல்லை. காளான் சாப்பிட்டு அரிப்போ தடிப்போ வந்தவர் மட்டும் தவிர்த்தால் போதும். தாராளமாக விற்கலாம், தாராளமாக வாங்கலாம்.

*இன்ஹேலர் எடுத்தா விடவே முடியாதாமே? அது கடைசி கட்டத்துக்குத்தானே?*

இந்தப் பயத்தாலேயே பலர் மருந்துக் கடையில் "இளைப்பு மாத்திரை" என்று கேட்டு வாங்கி வருஷக் கணக்கில் சாப்பிடுகிறார்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். கணக்குப் பாருங்கள். ஒரு சின்ன ஸ்டீராய்டு மாத்திரையில் 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு தடவை இழுப்பதில் 100, 200 மைக்ரோகிராம்தான். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றி எலும்பை அரிக்கும், சர்க்கரையை ஏற்றும். இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகும். ஆகவே இன்ஹேலர்தான் முதல் கட்ட மருந்து.

இன்ஹேலர் இரண்டு விதம். இளைப்பு வரும்போது உடனே குழாயைத் திறந்துவிடுவது ஒன்று. வீக்கத்தைத் தணித்து இளைப்பே வராமல் தடுப்பது மற்றொன்று. முதல் வகையை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது ஆபத்து. அது வாசல் மணியை ஒரு நிமிஷம் பொத்திப் பிடிப்பது மாதிரிதான். தடுப்பு மருந்தை நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் படலம் வரும். அதுவும் ஒரு பூஞ்சைதான்!

*ஏ.பி.பி.ஏ.வுக்கு என்ன பரிசோதனை, என்ன மருந்து?*

ரத்தத்தில் மொத்த ஐ.ஜி.இ. அளவும் ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிரான ஐ.ஜி.இ. அளவும் பார்ப்பார்கள். 2024-ல் உலக அளவிலான நிபுணர் குழு விதிகளைத் திருத்தியது. மொத்த ஐ.ஜி.இ. 500-க்குக் குறையாமல் இருந்து, ஆஸ்பர்ஜில்லஸ் ஐ.ஜி.இ.யும் உயர்ந்திருந்தால், மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இதற்கு மட்டும் டாக்டர் கண்காணிப்பில் சில மாதம் ஸ்டீராய்டு மாத்திரையோ, பூஞ்சைக்கான மாத்திரையோ கொடுப்பார்கள். சொந்தமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இன்ஹேலரும் கட்டுப்படுத்தாத, அடிக்கடி முற்றுகிற ஆஸ்துமா உள்ளவர்கள், பழுப்புச் சளிக் கட்டி வருபவர்கள், இந்தப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து துவாக்குடி அரசு மருத்துவமனைக்கோ திருச்சி அரசு மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார்கள்.

என்ன செய்யலாம்?

வீட்டில்:

1. முதலில் தண்ணீர் வரும் வழியை அடையுங்கள். ஒழுகலை நிறுத்தாமல் சுண்ணாம்பு அடித்தால் பூசணம் அடுத்த மழையில் திரும்பி வரும்.

2. சுவர்ப் பூசணத்தைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, சுவரைக் காய விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வீட்டுக்காரரோ பிள்ளைகளோ செய்யட்டும். பிளீச்சிங் பவுடர் நெடியே இளைப்பைத் தூண்டும். அதை ஆசிட்டோடு கலந்தால் விஷ வாயு வரும்.

3. நெல் மூட்டையைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். ஆஸ்துமா உள்ளவர் படுக்கிற அறையில் வேண்டாம்.

4. பாய், தலையணையை நல்ல வெயிலில் போடுங்கள். சமைக்கும்போதும் குளித்த பிறகும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தொழிலில்:

1. ஈர வைக்கோலைக் கட்டுக் கட்டாதீர்கள். பூசணம் பிடித்த வைக்கோலைக் காளானுக்கும் மாட்டுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

2. வைக்கோலை வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று நறுக்குங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும்.

3. காளானின் ஓரம் சுருளும் முன்பே பறியுங்கள். வித்தும் குறையும், விலையும் கூடும். குடிலுக்குள் போகும் முன் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள்.

4. பச்சை, கறுப்புப் பூசணம் பிடித்த பையைக் குடிலுக்குள் பிரிக்காமல் வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

5. முந்தானையை மூக்கில் கட்டினால் பெரிய தூசிதான் நிற்கும், வித்து நிற்காது. கொரோனா காலத்தில் பார்த்தோமே, என்-95 முகக்கவசம், அதை மூக்கோடு அழுத்திப் போடுங்கள்.

6. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர் வைக்கோல் நறுக்குவது, குடிலுக்குள் பறிப்பது இரண்டையும் தவிர்ப்பதே நல்லது. முகக்கவசம் போட்டாலும் சரி.

ஆபத்து அடையாளம்: ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, நிவாரண இன்ஹேலர் எடுத்தும் அடங்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழு என்ன செய்ய வேண்டும்?

இது ஒருவர் வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. எனவே அடுத்த குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதும்படி நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்று: காளான், கோழி, மண்புழு உரம், நெல் வியாபாரம் என்று எந்தத் தொழிலுக்குக் கடன் கொடுத்தாலும், "மூச்சுத் தொல்லை உண்டா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். கடன் மறுப்பதற்காக இல்லை, பொருத்தமான தொழிலைத் தேர்ந்தெடுக்கத்தான்.

இரண்டு: காளான் கடன் திட்டத்தில் விதை, பை, கீற்று என்று எழுதும்போது முகக்கவசத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

மூன்று: கூரை ஒழுகலைச் சரிசெய்யக் கேட்கும் உள்கடனை "வீட்டுச் செலவு" என்று கடைசியில் தள்ளாதீர்கள். ஆஸ்துமா உள்ள வீட்டில் அது வைத்தியச் செலவு.

நான்கு: நோயால் தவணை நின்றால், அபராதம் போடும் முன் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பயிற்சியின் முதல் கேள்வியாக மூச்சுத் தொல்லையைக் கேட்பதும், வித்து பற்றிச் சொல்வதும் இனிமேல் எங்கள் பொறுப்பு.

நம் உறுப்பினர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். மருந்து எடுக்கிறார். ஐ.ஜி.இ. அளவு இறங்கியிருக்கிறது. ராத்திரி படுத்துத் தூங்குகிறார். சில மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் இது திரும்ப வரக்கூடிய நோய். குடிலை அவருடைய நாத்தனார் பார்த்துக்கொள்கிறார். கணக்கு, பாக்கெட், விற்பனை இவர் பொறுப்பு. தவணைக் காலத்தைக் குழு நீட்டிக் கொடுத்தது. பாயைத் தள்ளிப் போட்ட அந்தத் தோழிதான் அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவரிடம் கடைசியாக, "இந்தக் கூட்டத்தில் என்னக்கா சொல்லட்டும்?" என்று கேட்டோம். "மூச்சு வாங்குதுன்னு சொல்றதுக்கு வெக்கப்படாதீங்கன்னு சொல்லுங்க. நான் பதினஞ்சு வருஷம் வெக்கப்பட்டேன்" என்றார்.

அதைத்தான் சொல்ல வந்தோம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சுவரையும் வைக்கோல் போரையும் ஒரு தடவை பாருங்கள். உங்கள் குழுவில் இருமிக்கொண்டே கையெழுத்துப் போடும் தோழியைக் கூட்டம் முடிந்ததும் கூப்பிட்டு இரண்டு வார்த்தை கேளுங்கள்.